பங்கு ஒன்று, கூட்டம் நாலு: திருவிழா முடிந்த பிறகு எதற்காகச் சேருவது?

தாம்பரத்துக்காரன் (கேள்வி)

மரியே வாழ்க.

எங்கள் பங்கு, அதாவது ஒரு பங்குத்தந்தையின் கீழ் உள்ள கத்தோலிக்கக் கோயிலும் அதன் மக்களும், சென்னையின் தென்புறத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் கீற்றுக்கொட்டகையில் பூசை நடந்த இடம். இன்று கோபுரம், கெபி (மாதா குகை), மாடியில் மறைக்கல்வி வகுப்பறைகள் எல்லாம் இருக்கின்றன. பதிவேட்டில் எழுநூறு குடும்பம். மணப்பாடு, உவரி, ஆலந்தலை என்று கடற்கரையிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம், நாகர்கோவில்காரர்கள் ஒரு பக்கம், செங்கல்பட்டு, திண்டிவனம் பக்கத்து ஆட்கள் ஒரு பக்கம். ஐ.டி. வேலைக்கு வந்த மலையாளிகளும் மற்றவர்களும் ஒன்பது மணி ஆங்கிலப் பூசைக்கு வந்து காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பூசை முடிந்ததும் கவனித்துப் பாருங்கள், வேப்பமரத்தடியில் நிற்கிறவர்கள் கெபி பக்கம் வரமாட்டார்கள், கெபி பக்கம் நிற்கிறவர்கள் வண்டி நிறுத்துமிடத்துப் பக்கம் போகமாட்டார்கள். சண்டையெல்லாம் இல்லை. பழக்கமும் இல்லை, அவ்வளவுதான்.

நாங்கள் உண்மையிலேயே கூடுவது திருவிழாவுக்கு. அதுவும் கூடுவதா மோதுவதா என்று சொல்லமுடியாது. கொடியேற்றம் யார் செலவு, எட்டாம் நாள் பொறுப்பு யாருக்கு, தேர்ப்பவனி எந்தத் தெரு வழியாக, அழைப்பிதழில் எந்த அன்பியத்தின் (பக்கத்துப் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) பெயர் மேலே என்று பங்குப் பேரவையில் பல மாலைகள் போகும். அழைப்பிதழ் அச்சுக்குப் போனபிறகும் ஒருவர் பிரெஸ்ஸுக்கே போய் வரிசையை மாற்றிவிட்டு வந்தார். சிரிக்காதீர்கள், நடந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அன்பியத்தில் ஒரு பாட்டி இரண்டாம் மாடியில் தனியாக இருந்தார். மகன் குவைத்தில். இடுப்பெலும்பு முறிந்தபிறகு படி இறங்கவில்லை, போனில் பூசை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இறந்தது எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றால், வாசலில் ஃப்ரீசர் பெட்டி இறக்கிய வண்டியைப் பார்த்து. முந்தின நாள் சாயங்காலம்தான் இரண்டு தெரு தள்ளி எங்கள் அன்பியத்தின் ஜெபமாலை நடந்தது. பிறகு அன்பியப் பொறுப்பு என் கைக்கு வந்தபோது பதிவேட்டைப் புரட்டினேன். அந்தப் பாட்டி பெயருக்கு எதிரில் ஒரே ஒரு குறிப்புதான்: "சந்தா பாக்கி".

புதிய பங்குத்தந்தை நல்லவர். "ஒற்றுமைக்கு என்ன செய்யலாம், எழுதிக் கொடுங்கள்" என்று பேரவையில் கேட்டார். வந்த யோசனைகள்: ஒற்றுமை விழா, விளையாட்டுப் போட்டி, வேளாங்கண்ணிக்கு இரண்டு பஸ். எல்லாம் இன்னொரு திருவிழாவாகத்தான் எனக்குப் படுகிறது. அதற்கும் ஒரு அழைப்பிதழ் அடிப்பார்கள், அதிலும் பெயர் வரிசை வரும்.

உங்கள் பங்கில் நிஜமாகவே நடந்து பலன் தந்தது எது? "ஜெபியுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஜெபிக்கிறோம்.

---

ஓய்வுபெற்ற வாத்தியார், நாகர்கோவில்

தம்பி, நான் முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு கிராமப் பங்கில் அன்பியத்தோடு கிடக்கிறவன். கேட்டதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் அன்பியத்தில் விவிலியப் பகிர்வு நடக்கிறதா, ஜெபமாலையோடு முடிந்துவிடுகிறதா? நாங்கள் செய்வது ஏழு படி முறை. தென்னாப்பிரிக்காவில் லும்கோ என்ற கத்தோலிக்கப் பயிற்சி நிலையம் உண்டாக்கியது, அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. ஆண்டவரை அழைப்பது முதல் படி. வாசகத்தை வாசிப்பது இரண்டாவது. மனதில் தைத்த ஒரு சொல்லையோ வரியையோ ஆளாளுக்குச் சத்தமாகத் திரும்பச் சொல்வது மூன்றாவது. எழுத்து வாசனை இல்லாத கிழவிகூட இதில் வாய் திறப்பாள், வாத்தியாருக்கும் அவளுக்கும் அங்கே வித்தியாசம் கிடையாது. நாலாவது மௌனம். ஐந்தாவது பகிர்வு. ஆறாவதில்தான் எல்லா ஊரிலும் கோளாறு. "இந்த வாரம் ஆண்டவர் நம்மிடம் என்ன வேலை கேட்கிறார், அதை யார் செய்வது, என்றைக்குச் செய்வது?" இதைப் பேசி முடிவெடுத்துவிட்டுத்தான் ஏழாவது படியான மன்றாட்டுக்குப் போகவேண்டும். பெரும்பாலான இடங்களில் ஐந்தாவது முடியும்போதே அடுப்படியில் டீ கொதிக்கிற வாசனை வந்துவிடும். ஆறாவதைத் தாண்டி நேராக மன்றாட்டு, அப்புறம் முறுக்கு.

ஆறாவது படி இல்லாத அன்பியம் வெறும் ஜெபக்கூட்டம். அது தப்பு இல்லை. ஆனால் உங்கள் பாட்டியை அது கண்டுபிடிக்காது. அடுத்த வாரக் கூட்டம் "போன வாரம் ஏற்ற வேலை என்ன ஆயிற்று?" என்ற கேள்வியோடு தொடங்கவேண்டும். முதல் நாலைந்து தடவை எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள். விடாதீர்கள்.

எங்கள் மாவட்டத்தில் ஒக்கிப் புயல் வந்தது 2017 நவம்பர் 30. கடலுக்குப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பவில்லை என்பதில் அரசு சொன்ன கணக்கும் பங்குகள் சொன்ன கணக்கும் ஒத்துப்போகவில்லை. பங்குகளின் கணக்கு எங்கிருந்து வந்தது? எந்தப் படகில் யார் ஏறினார், யார் வீட்டு அடுப்பு எரியவில்லை என்று வீடு வீடாகத் தெரிந்த ஆட்களிடமிருந்து வந்தது. அந்த நேரத்தில் உட்கார்ந்து ஒற்றுமை பற்றி யாரும் பேசவில்லை, பெயர்ப் பட்டியல் எழுதினார்கள். கடற்கரைப் பங்குகளோடு அவ்வளவாக ஒட்டாத உள்நாட்டுப் பங்குகளிலிருந்தும் அரிசியும் துணியும் போயிற்று.

இன்னொன்று, இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. கணக்கை வாசியுங்கள். பங்குப் பேரவை ஆலோசனை சொல்லும் அமைப்புதான், முடிவு பங்குத்தந்தையிடம். 1983இன் திருச்சபைச் சட்டம், 536ஆம் எண், அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அடுத்த எண்ணையும் படிக்கவேண்டும். 537இன்படி நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம் இருக்கவேண்டும். விசுவாசிகள் கொடுத்த காணிக்கைக்கு விசுவாசிகளிடம் கணக்குக் காட்டவேண்டும் என்று 1287 சொல்கிறது. ஊரில் பாதிப் பிளவு எட்டாம் நாள் யாருக்கு என்பதில் இல்லை. போன வருஷத்து வாணவேடிக்கைக்கு எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாததில் இருக்கிறது. திருவிழா முடிந்த அடுத்த ஞாயிறு, எல்லாப் பூசையிலும், வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, மீதி இவ்வளவு என்று குருவல்லாத பொதுநிலையினர் ஒருவர் எழுந்து வாசிக்கட்டும். பத்து நிமிஷம் ஆகும். முணுமுணுப்பு பாதியாகக் குறையும்.

---

மல்லிகைப்பந்தல்

வாத்தியார் ஐயா சொன்ன ஆறாவது படிக்கு ஒரு கும்பிடு. எங்கள் அன்பியத்திலும் அது டீயோடுதான் கரைந்துபோகிறது.

தாம்பரத்து அண்ணே, உங்கள் பேரவையில் பெண்கள் எத்தனை பேர்? அந்தப் பாட்டி படுத்துவிட்டது யாருக்குமே தெரியாது என்கிறீர்கள். கண்டிப்பாக யாருக்கோ தெரிந்திருக்கும். கோயில் வாசலில் பூ விற்கிற அம்மாவிடம் கேட்டீர்களா? கோயில் கூட்டுகிற அக்காவிடம்? யார் மூன்று வாரமாக வரவில்லை, யார் மருமகள் ஆஸ்பத்திரியில், எல்லாம் அவர்கள் வாயில் இருக்கும். பேரவையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை, அதனால் தகவல் வாசலோடு நின்றுவிடுகிறது.

நான் மரியாயின் சேனை என்ற பொதுநிலையினர் சங்கத்தில் இருக்கிறேன். "ஜெபமாலைக் கிழவிகள் சங்கம்" என்று எங்கள் பங்கு இளைஞர்கள் கேலி செய்வார்கள். ஆனால் 1921இல் டப்ளினில் அது தொடங்கியபோது முதலில் எடுத்த வேலையே ஆஸ்பத்திரியில் கிடந்த ஏழை நோயாளிகளைப் பார்க்கப் போனதுதான். இன்றும் முறை அதேதான்: இரண்டு இரண்டு பேராகப் போகவேண்டும், போய் வந்ததை வாரக்கூட்டத்தில் சொல்லவேண்டும். "போகவில்லை" என்றால் அதையும் எல்லார் முன்னாலும் சொல்லவேண்டும். இந்த "இரண்டு இரண்டு பேர்" என்பதில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது என்பேன். ஒரு உவரி அக்காவையும் ஆங்கிலப் பூசைக்கு வருகிற ஒரு மலையாளி சேச்சியையும் சேர்த்து ஒரு நோயாளி வீட்டுக்கு அனுப்பிப் பாருங்கள். பத்து வருஷம் ஒரே கோயிலில் பேசாதவர்கள் அந்த மாடிப்படி ஏறி இறங்குவதற்குள் முட்டிவலிக்கு என்ன மருந்து என்பதில் ஆரம்பித்துக் கல்யாணமாகாத பெண் வரைக்கும் வந்துவிடுவார்கள்.

ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை உங்களிடம் இருந்தால் அவர்களையும் கேளுங்கள். பாரிஸில் ஒசானாம் தன் நண்பர்களோடு அதை ஆரம்பித்தது 1833இல், அவருக்கு அப்போது வயது இருபது. அவர்களிடம் எனக்குப் பிடித்தது அந்த இரகசியப் பை. கூட்டத்தின் முடிவில் ஒரு துணிப்பையைச் சுற்றி விடுவார்கள். கையை உள்ளே விட்டு எடுப்பார்கள். யார் நூறு போட்டார், யார் வெறும் கையை விட்டு எடுத்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. உங்கள் அழைப்பிதழ்க்காரர்களுக்கு இந்தப் பையை ஒருமுறை காட்டுங்கள்.

திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தையும் பேரவையில் வாசியுங்கள். கிரேக்க மொழி பேசுகிறவர்களின் கைம்பெண்களுக்கு அன்றாடப் பந்தியில் கவனிப்பு இல்லை என்று முணுமுணுப்பு வந்தது. அப்போஸ்தலர்கள் ஒற்றுமை மாநாடு போடவில்லை. பந்தியைப் பார்த்துக்கொள்ள ஏழு பேரை நியமித்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, நிக்கானோர்... ஏழும் கிரேக்கப் பெயர். யார் பக்கம் குறை வந்ததோ அவர்கள் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள்.

---

வடக்குத்தெருக்காரன்

எல்லாரும் நன்றாகப் பேசுகிறீர்கள். ஒன்று மட்டும் யாரும் தொடவில்லை. "செங்கல்பட்டு, திண்டிவனம் பக்கத்து ஆட்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே சார், அதில் பெரும்பாலானவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்று உங்கள் பங்கில் எல்லாருக்கும் தெரியும். வேப்பமரத்துக்கும் கெபிக்கும் நடுவில் இருப்பது வெறும் ஊர் வித்தியாசம் என்று நான் நம்பவில்லை.

திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தைப் பற்றி இளைஞர் கூட்டங்களில் நான் சொன்னால் பலர் கேள்விப்பட்டதே இல்லை என்கிறார்கள். அங்கே 1872இல் கட்டிய திருக்குடும்ப ஆலயத்துக்குக் கால்சட்டைக் கோயில் என்றே பெயர். பீடம் ஒன்று, அதை நோக்கி வரும் நீண்ட கூடங்கள் இரண்டு, இரண்டுக்கும் நடுவில் சுவர். ஒரு சாதி இந்தக் காலில், மற்ற சாதிகள் அந்தக் காலில். ஒரே நற்கருணை, ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டாம். 1910இல் சுவரை இடித்தபோது உரிமை போயிற்று என்று மேல்சாதிக்காரர்கள் வழக்குப் போட்டு, அது சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. இதே வடக்கன்குளத்தில்தான் 1745இல் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றார். சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகி, உட்கார்ந்து சாப்பிட்டவர். 1752இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று ரோமையில் புனிதராக அறிவித்தபோது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த சாதிப்பட்டம் இல்லை. அதை நீக்கச் சொல்லியே தனியாகக் கோரிக்கை வைக்கவேண்டி இருந்தது.

அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் 2008இல் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். "ஒற்றுமையைக் குலைக்கிறார்கள்" என்று சொன்னவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். பொது வழியில் சவம் தூக்கிப்போக முடியாதவனிடம் ஒற்றுமை கேட்கிறார்கள். அந்த மார்ச்சில் அது கலவரம், துப்பாக்கிச் சூடு, இரண்டு உயிர் என்று முடிந்தது.

அதனால் நான் கேட்பது இதுதான். உங்கள் தேர்ப்பவனி யார் தெரு வழியாகப் போகிறது? சப்பரம் தூக்குகிற தோள்கள் யாருடையவை, வாசகம் வாசிக்கிற குரல் யாருடையது? பெரிய வியாழன் அன்று கால் கழுவ உட்கார்கிற பன்னிரண்டு பேரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? இதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டு அப்புறம் மாடிப்படி ஏறலாம். மல்லிகைப்பந்தல் அக்கா தவறாக எடுத்துக்கொள்ளவேண்டாம், நீங்கள் சொன்ன கரண்டிக் கதைதான் நான் சொல்வதும்.

---

நாசரேத்துக்காரன்

தோத்திரம். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, கத்தோலிக்கம் அல்ல), கூப்பிடாமலே நுழைகிறேன், மன்னிக்கவும்.

எங்கள் ஆட்கள் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் எல்லாரையும் சேர்த்து ஒரே சபை ஆக்கினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பேராயர் முறையை ஏற்காதவர்களும் பேராயர் உள்ளவர்களும் ஒன்றாவது அதற்குமுன் நடந்ததில்லை. அப்படிப்பட்ட நாங்கள் திருமண்டலத் (மறைமாவட்டத்) தேர்தல் வந்தால் எத்தனை அணியாகப் பிரிவோம் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். ஆகவே பெரிய கையெழுத்துகளால் கீழே ஒன்றும் ஒட்டாது அண்ணாச்சி.

எங்களிடம் ஒட்டுகிற ஒரே இடம் அசனம் என்ற பொதுப்பந்தி. ஸ்தோத்திரப் பண்டிகையின்போது வீட்டுக்கு வீடு அரிசியும் பணமும் வரும், ஆடுகளும் வரும். ராத்திரி முழுக்க ஆண்கள்தான் வெங்காயம் உரிப்பார்கள். பெரிய அண்டாக்களில் ஆட்டுக்கறிக் குழம்பு. சோற்றை ஓலைப்பாயில் குவித்து, சேகரகுரு (எங்கள் போதகர்) ஜெபம் பண்ணினபிறகுதான் பந்தி. டாக்டரும் பனையேறியும் ஒரே வரிசை, ஒரே குழம்பு. பரிமாறுகிறவன் ஆள் பார்த்து எலும்பு போட்டால் அடுத்த வருஷம் அவனுக்கு வாளி கிடைக்காது.

வடக்குத்தெரு தம்பி சொன்னதையும் ஒத்துக்கொள்கிறேன். ஒரு வேளைச் சாப்பாட்டால் சாதி போகாது. போயிருந்தால் எங்கள் ஊரில் எப்போதோ போயிருக்கும். ஆனால் பக்கத்து இலை யாருடையது என்று பார்க்காமல் உட்காரப் பழகிய பிள்ளைக்கு, பெரியவனானதும் கொஞ்சமாவது கூச்சம் வரும். அந்தக் கூச்சம் உபயோகமானது.

---

தாம்பரத்துக்காரன்

எல்லாருக்கும் நன்றி. வடக்குத்தெரு தம்பி, நீங்கள் கேட்டதைப் படித்துவிட்டு நேற்று பழைய திருவிழா நோட்டீஸ்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். தேர் ஒவ்வொரு வருஷமும் அதே மூன்று தெருக்களில்தான் சுற்றுகிறது. ரயில்வே லைன் தாண்டி எங்களுக்கு இரண்டு அன்பியங்கள் இருக்கின்றன. கேட் போட்டுவிடுவார்கள், நேரமாகும் என்று காரணம் சொல்வார்கள். சப்பரம் அந்தப் பக்கம் ஒரு தடவைகூடப் போனதில்லை. கேட் போட்டால் நின்று போகலாம். வேலைக்குப் போகிறபோது எல்லாரும் அங்கே நின்றுதானே போகிறோம்?

வருகிற பேரவையில் மூன்றை வைக்கப்போகிறேன். திருவிழாக் கணக்கை வாத்தியார் ஐயா சொன்னபடி எல்லாப் பூசையிலும் வாசிப்பது. வெளியே வரமுடியாதவர்களின் பட்டியல் எடுப்பது, அதை எடுக்கும் குழுவில் பூக்கார அம்மாவையும் கோயில் கூட்டுகிற அக்காவையும் சேர்ப்பது. தேர் லைன் தாண்டிப் போவது. முதல் இரண்டும் நடந்துவிடும் என்று நினைக்கிறேன். மூன்றாவதற்குச் சத்தம் வரும், வரட்டும். ஃபாதரிடம் தனியாகப் பேசினேன். "பேரவையில் நீங்களே சொல்லுங்கள், நான் உங்கள் பக்கம் நிற்கிறேன்" என்றார்.

பட்டியல் எடுப்பதில் ஒரு சந்தேகம். சந்தா கட்டாதவர்கள், கல்யாணப் பிரச்சினையால் கோயிலுக்கு வராதவர்கள், பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டவர்கள், இவர்களையும் சேர்ப்பதா? சேர்த்தால் பேரவையில் சிலர் குதிப்பார்கள்.

---

ஓய்வுபெற்ற வாத்தியார், நாகர்கோவில்

சேருங்கள். உடம்பு முடியாதவர் என்றால் உடம்பு முடியாதவர்தான். சந்தா நோட்டை அந்த வேலைக்கு எடுத்துக்கொண்டு போகவே போகாதீர்கள், தனி நோட்டு வாங்குங்கள்.

---

வடக்குத்தெருக்காரன்

லைன் தாண்டித் தேர் போகிற அன்றைக்குச் சொல்லுங்கள் சார். நாங்கள் நாலு பேர் தோள் கொடுக்க வருகிறோம்.

---

மல்லிகைப்பந்தல்

அண்ணே, நடைமுறையில் இரண்டு விஷயம். காலை பத்து மணிக்குமேல் பன்னிரண்டுக்குள் போங்கள், அதற்குமுன் வயதானவர்கள் குளித்து மருந்து சாப்பிட்டு முடித்திருக்கமாட்டார்கள், மத்தியானம் தூங்குவார்கள். பழம் வாங்கிப் போவதானால் கொய்யா வாங்குங்கள், பாதிப் பேருக்குச் சர்க்கரை. நற்கருணை வேண்டும் என்று யார் கேட்டாலும் அன்றைக்கே ஃபாதருக்குச் சொல்லிவிடுங்கள். மாதத்தின் முதல் வெள்ளி வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.